பெண்களைக் குறிக்கும் கொச்சைச் சொற்கள்: விளையாட்டா, வசையா?

வகுப்பறைத் தமிழுக்குத் தொல்காப்பியம் உண்டு, நன்னூல் உண்டு. மாடிப்படியிலும் சிற்றுண்டிச் சாலையிலும் பேருந்து நிறுத்தத்திலும் வழங்கும் தமிழுக்கு என்ன உண்டு என்று கேட்கலாம். அதற்கும் நன்னூலார் ஓர் இடம் ஒதுக்கியே வைத்திருக்கிறார். தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக அவர் கூறும் குழூஉக்குறிதான் அது. ஒரு கூட்டத்தார் ஒரு பொருளின் இயற்பெயரை விட்டுவிட்டுத் தமக்குள் மட்டும் விளங்கும்படி வேறொரு பெயரால் வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரைகாரர் காட்டும் சான்றுகள். மாணவர் சிலர் தம்முடன் பயிலும் பெண்களைப் 'பிகர்' என்பதையும் இவ்வரிசையிலேயே சேர்க்கலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பொன்னுக்குக் காது இல்லை, ஆடைக்கும் இல்லை.

இத்தகைய சொற்கள் இழிவானவையா என்று கேட்டால் இருவகை விடைகள் கிடைக்கின்றன. "சும்மா விளையாட்டுக்குச் சொல்வதுதானே, இதில் என்ன இருக்கிறது?" என்பது ஒன்று. "கொச்சை எல்லாமே இழிவுதான், நல்ல தமிழில் பேசினால் இந்தச் சிக்கலே இல்லை" என்பது மற்றொன்று. பேராசிரியப் பெருமக்கள் சிலர்கூட இரண்டாவது கட்சியில் இருக்கிறார்கள். பணிவுடன் கூறுகிறேன்: இரண்டு விடையும் சொல்லின் வரலாற்றைப் பாராமல் கூறப்படுபவை.

முதலில் கொச்சை எல்லாம் இழிவு என்னும் கருத்தை எடுத்துக்கொள்வோம். 'பெட்டை' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணை நோக்கிச் சொன்னால் சண்டை வரும். ஆனால் யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'பெடியன்' என்றால் பையன். 'பெட்டை' என்றால் பெண்பிள்ளை. வீட்டில் பெற்றோரே அன்போடு வழங்கும் சொல் அது. 'குட்டி' என்பதும் அப்படியே. தெருமுனையில் நின்று ஒருவன் 'குட்டி' என்றால் அதில் விலங்கின் வாடை வீசுகிறது. ஆனால் மலையாளத்தில் 'பெண்குட்டி', 'ஆண்குட்டி' இரண்டும் பள்ளிப் பதிவேட்டில் எழுதத்தக்க சொற்கள். நம் வீடுகளிலும் 'செல்லக்குட்டி'யை யார் வெறுக்கிறார்கள்? இன்னும் வியப்பானது 'பாட்டி'. பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்ணுக்குரிய பெயர்களுள் ஒன்றாக அதனைத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. இன்று நம் பாட்டிமார் எவரும் அப்பெயருக்காகக் கோபிப்பதில்லை.

வினைமுற்றிலும் இதனைக் காணலாம். 'அக்கா வந்துச்சு', 'அந்தப் பொண்ணு சொல்லுச்சு' என்று நம் ஊர்களில் பேசுகிறோம். இலக்கணப்படி பார்த்தால் உயர்திணைப் பெண்ணை அஃறிணை முடிபு கொடுத்துத் தாழ்த்திவிட்டோம்! ஆனால் காதால் கேட்பவர்க்கு உண்மை தெரியும். 'வந்தா' என்பதைவிட 'வந்துச்சு' மென்மையானது. 'வந்தாங்க' என்னும் மரியாதைக்கும் 'வந்தா' என்னும் ஒருமைக்கும் இடையே பாசத்தோடு நிற்பது. ஆகவே, சொல்லின் வடிவத்தை மட்டும் வைத்து வசை என்று தீர்ப்பளிக்க இயலாது.

அப்படியானால் 'சும்மா' கட்சி வென்றுவிட்டதா? இல்லை. ஒன்றுபோலப் பிறந்த இணைச்சொற்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அக்கட்சியின் நிலை தெரியும்.

'ஆண்பிள்ளை' திரிந்து 'ஆம்பளை' ஆயிற்று. 'பெண்பிள்ளை' திரிந்து 'பொம்பளை' ஆயிற்று. இரண்டிற்கும் ஒரே புணர்ச்சி, ஒரே திரிபு. ஆனால் 'அவன் ஆம்பளை' என்பது பாராட்டு. 'பொம்பளை மாதிரி அழாதே' என்பது ஏச்சு. இராமாநுசரிடம் அறிவு நிறைந்த விடைகளை அடுக்கிய பெண்மணியின் பெயராலேயே வைணவ மரபில் 'திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ரகசியம்' என்றொரு நூல் வழங்குகிறது. அங்கே மதிப்போடு நின்ற அதே 'பெண்பிள்ளை'தான் தெருவுக்கு வந்ததும் இவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது.

இதனினும் கொடிய வீழ்ச்சி ஒன்று உண்டு. 'சிவனடியார்' என்றால் கைகூப்புகிறோம். அதே அமைப்பில் பிறந்த 'தேவரடியார்' என்னும் சொல் சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற்பணி புரிந்த பெண்களைக் குறித்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய நானூறு பெண்களைத் 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்று கல்வெட்டு கூறும். ஒவ்வொருவர் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தார் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பங்குக்கு 100 கலம் நெல். பெயரும் வீடும் ஊதியமும் கொடுத்துக் கல்லில் எழுதினார்கள். பின்னூற்றாண்டுகளில் அம்மரபு சீரழிந்தது. பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. வழக்கம் ஒழிந்தது, சொல்லோ ஒழியவில்லை. 'தேவரடியார்' திரிந்த வடிவம் இன்று ஒரு பெண்ணின் மீதும், அவள் பெற்ற மகன் மீதும் வீசப்படும் மிகக் கொடிய வசையாக உலவுகிறது. அத்திரிபை இம்மலரில் அச்சிட வேண்டிய தேவை இல்லை, அனைவரும் அறிவோம். அந்தப் பெண்களைச் சீரழித்த செல்வர்களைக் குறிக்க அத்தகைய வசை ஏதும் தமிழில் நிலைக்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

தெய்வங்களுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. மூத்த தேவியாகிய 'மூதேவி'க்குக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பல்லவர் சிற்பம் வடித்தனர். இன்று தூங்கி வழியும் பெண்ணுக்கு அப்பெயர். (ஆண்களுக்கும் சில வேளை கிடைக்கிறது, இதில் மட்டும் ஓரளவு சமத்துவம்!) 'பிடாரி' ஊர் காத்த அம்மன்; எதிர்த்துப் பேசும் மருமகள் 'அடங்காப் பிடாரி'. பேசும் பெண் 'வாயாடி'. பேசும் ஆணுக்குப் பெயர் என்னவென்று யோசித்துப் பார்த்தேன். 'பேச்சாளர்' என்பதுதான் நினைவுக்கு வருகிறது.

இவ்வீழ்ச்சி தமிழுக்கு மட்டும் உரியது அன்று. ஆங்கில இலக்கிய மாணவர் அறிவர்: 'ஹவுஸ்வைஃப்' என்னும் இல்லத்தலைவியின் பெயர் குறுகித்தான் 'ஹஸி' என்னும் ஏச்சு பிறந்தது. மொழியியலார் இதனை இழிபொருட்பேறு என்பர். நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' தீய மணத்தைக் குறிக்கலானதே வகுப்பில் சொல்லப்படும் வழக்கமான சான்று. ஆனால் நாற்றம் வீழ்ந்ததால் எந்தப் பூவும் வருந்தவில்லை.

இனி, நம் வளாகத்துச் சொற்களுக்கு வருவோம். பிகர், பீஸ், ஐட்டம், சரக்கு, கட்டை. இப்பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் ஒன்று புலப்படும். தமிழில் முன்பின் அறியாத பெண்ணை அழைக்க நமக்கு உறவுச் சொற்கள் இருக்கின்றன: அம்மா, அக்கா, தங்கச்சி, மதுரைப் பக்கம் தாயி, கொங்கு நாட்டில் அம்மிணி. பேருந்தில் நடத்துநர் இவற்றைக் கொண்டே நாள் முழுதும் வேலை பார்க்கிறார். வளாகப் பட்டியலில் ஓர் உறவும் இல்லை. சரக்கு கடையில் இருப்பது. கட்டை விறகுத் தொட்டியில் கிடப்பது. ஐட்டமும் பீஸும் எண்ணி வாங்குபவை. பிகர் என்பதோ வணிகவியல் மாணவருக்கு எண், மற்றவர்க்கு உருவம். எல்லாம் விலை கேட்கத்தக்க பொருள்கள். 'சூப்பர்' என்றோ 'அட்டு' என்றோ முன்னொட்டுச் சேர்த்துத் தரம் பிரிப்பதும் அதனால்தான் இயல்பாக வருகிறது. 'சூப்பர் அக்கா', 'அட்டுத் தங்கச்சி' என்று யாரும் தரம் பிரிப்பதில்லை.

"பாராட்டாகத்தானே சொல்கிறோம்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பாராட்டு என்றால் பாராட்டப்படுபவர் முன்னிலையில் சொல்லலாமே! அந்தப் பெண் அருகில் வந்ததும் ஏன் பேச்சு நின்றுவிடுகிறது? சொல்பவரின் தங்கையைப் பற்றி வேறொருவன் அதே பாராட்டைச் சொன்னால் ஏன் சட்டையைப் பிடிக்கிறார்? இன்னொரு வகையினரும் உண்டு. அவர்கள் பெண் காதில் விழவேண்டும் என்றே உரக்கச் சொல்வார்கள். அவர்களுக்கும் அது வசை என்பது நன்றாகவே தெரியும், தெரிந்ததனாலேயே சொல்கிறார்கள். கேட்ட பெண் திருப்பிச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். தலைகுனிந்து வேகமாக நடப்பாள். மறுநாள் வேறு வழியில் போவாள், அல்லது ஒரு பேருந்து தவறவிட்டு அடுத்ததில் வருவாள். முதல் மணி வகுப்புக்கு வருகைப்பதிவு போய்விடும். வீட்டில் சொன்னால் "அப்படியானால் படிப்பை நிறுத்திவிடு" என்பார்கள் என்று அஞ்சிச் சொல்லாமல் விடுபவர் உண்டு. ஒரு சொல்லின் பொருளை அகராதியில் மட்டும் தேடினால் இவையெல்லாம் கிடைக்கமாட்டா.

'டி' என்னும் விகுதியையும் இவ்வாறே எடை போடலாம். தோழியர் இருவர் 'வாடி', 'போடி' என்று பேசிக்கொள்வதில் குறை காண எவர்க்கும் உரிமை இல்லை. அது இருபுறமும் செல்லும் சொல். நெல்லைச் சீமையில் 'ஏட்டி' என்று அழைத்தால் 'என்னட்டி' என்று உடனே விடை வரும். கணவன் 'வாடி' என, மனைவி 'வாங்க' என்று மட்டுமே சொல்ல முடியும் வீட்டில், அதே எழுத்து ஒருவழிப் பாதையாகிவிடுகிறது. திரும்பிச் செல்ல வழி உண்டா என்பதே இங்கு நான் பார்க்கும் அளவுகோல்.

சொல்லின் ஆற்றலைச் சட்டம் உணர்ந்த வரலாறும் சுவையானது. தெருவில் பெண்களைத் துன்புறுத்துவதை நாடெங்கும் 'ஈவ் டீசிங்' என்றனர். ஏவாளைக் கேலி செய்தல்! கேட்டால் ஏதோ திருவிழா விளையாட்டு என்று தோன்றும். 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இத்தகைய 'கேலி'யால் உயிரிழந்தபின் தமிழக அரசு தனிச்சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் பெயரிலேயே முதலில் 'ஈவ் டீசிங்' இருந்தது. பின்னர் 'பெண்ணுக்குத் துன்பம் விளைவித்தலைத் தடைசெய்யும் சட்டம்' என்னும் பொருள்படப் பெயரை மாற்றினார்கள். 2010-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 'கீப்' என்ற சொல்லை ஆண்டபோது வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் அதே நீதிமன்றத்தில் எழுந்து மறுப்புத் தெரிவித்தார். நம் 'வைப்பாட்டி'யின் ஆங்கிலம் அது; வைத்திருப்பவனுக்கு இரு மொழியிலும் பெயர் இல்லை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே ஒரு கையேடு வெளியிட்டு, தீர்ப்புகளில் தவிர்க்கவேண்டிய இத்தகைய சொற்களையும் அவற்றுக்கு மாற்றையும் பட்டியலிட்டது. 'ஈவ் டீசிங்'கும் அப்பட்டியலில் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவின்படி, பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு கூறும் சொல்லுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. விளையாட்டுக்குச் சொன்னேன் என்பவர் அங்கே நோக்கம் இல்லை என்று மெய்ப்பிக்கப் பாடுபட வேண்டியிருக்கும்.

சட்டத்துக்கு அஞ்சி மாறிய சொற்களைவிட, பழகிப் பழகி மாறிய ஒரு சொல் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. 'மச்சி' என்பது உறவுமுறையில் மைத்துனியைக் குறிக்கும் பெண்பாற் சொல். எப்படியோ அது மாணவர் வாயில் நண்பனை அழைக்கும் சொல்லாகிவிட்டது. பெண்ணின் பெயரால் அழைத்துவிட்டான் என்று எந்த நண்பனும் முகம் சுளித்ததில்லை. இப்போது மாணவியரும் ஒருவரையொருவர் 'மச்சி' என்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் குடுவையை நீட்டும் மாணவனையும் 'மச்சி, பிடி' என்கிறார்கள். அவனும் அதே சொல்லால் நன்றி கூறுகிறான்.