ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன் அறையை அளப்போம்

வீட்டுக்கு இசைக் கருவி வாங்கச் செல்வோர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் 'எத்தனை வாட்?' என்பதே. பெரம்பூரில் வசிக்கும் நான், அக்கம்பக்கத்தார் சேமிப்பைச் செலவிட்டு வாங்கிய பெரிய ஸ்பீக்கர்கள் சில மாதங்களில் துணி போர்த்திய மேசைகளாக மாறியதைக் கண்டிருக்கிறேன். கருவிகள் தரமானவைதாம். அவை ஒன்றோடொன்றும், அறையோடும் பொருந்தவில்லை.

அட்டைப்பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் 'பிஎம்பிஓ' வாட் வெறும் விளம்பரக் கணக்கு. தொடர்ந்து வழங்கக்கூடிய திறனைக் காட்டும் 'ஆர்எம்எஸ்' வாட்டையே கருத்தில் கொள்ள வேண்டும். அதுவும் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு வாட் தேவை. ஆகவே 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்குவோர், கொடுக்கும் கூடுதல் விலைக்கேற்ற வேறுபாட்டைக் கேட்கப் போவதில்லை.

உண்மையில் எவ்வளவு தேவை? ஸ்பீக்கரின் 'உணர்திறன்' 85 டெசிபெல் என்றால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் அந்த அளவு ஒலிக்கும் என்று பொருள். 2 மீட்டர் தொலைவில் அமர்ந்து சராசரியாக 70 டெசிபெல்லில் கேட்க கால் வாட்கூட வேண்டாம். தவிலோ டிரம்ஸோ திடீரென 20 டெசிபெல் உயரும்போதும் 15 வாட்டுக்குள் அடங்கிவிடும். 30 முதல் 50 வாட் ஆம்ப்ளிஃபயர் நம் வீடுகளுக்குத் தாராளம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது 'ஓம்' அளவு. 4 ஓம் ஸ்பீக்கர், 8 ஓம் ஸ்பீக்கரைப்போல் இரு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதைத் தாங்கும் என்று ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் குறிப்பிடப்படாவிட்டால், அது சூடேறிப் பழுதாகலாம்.

கடையில் தெரியாத சிக்கல் அறையில் இருக்கிறது. 10 அடிக்கு 10 அடி சதுர அறையில் நீளமும் அகலமும் சேர்ந்து ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் ஒலியை வீங்க வைக்கும். பேஸ் கிட்டாரின் 'ஏ' தந்தி எழுப்புவது 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் முழங்க, பாடகரின் குரல் அமுங்கிவிடும். இத்தகைய அறையில் பெரிய வூஃபர் சிக்கலைப் பெருக்கவே செய்யும். சிறிய ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து தள்ளி, காது உயரத்தில் வைப்பதே பலன் தரும்.

இது நம் செவிக்கு மட்டுமான கணக்கும் அன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணிக்குப் பின் 45 டெசிபெல் என வரம்பு விதிக்கின்றன. ரயில்வே பணிமனைகளைச் சுற்றி வளர்ந்த எங்கள் பகுதியில், சுவருக்கு அப்பால் இரவுப் பணி முடித்தவர் பகலில் உறங்கிக்கொண்டிருக்கலாம். தாழ்ந்த பேஸ் ஒலி சுவரை எளிதில் கடந்துவிடும்.

எனவே முதலில் அறையை அளப்போம். அதற்கேற்ற ஸ்பீக்கருக்குப் பணத்தில் பாதியையாவது ஒதுக்குவோம். அந்த ஸ்பீக்கருக்கேற்ற ஆம்ப்ளிஃபயரைப் பின்னர் தேடுவோம். இணைக்கச் சாதாரணச் செப்புக் கம்பியே போதும். ரிச்சி தெருவுக்குச் சென்றாலும் பெரிய காட்சிக்கூடத்துக்குச் சென்றாலும், நன்கு பழகிய பாடல் ஒன்றைத் தாழ்ந்த ஒலியில் இசைக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் சொற்கள் தெளிவாகக் கேட்டால், அதுவே நம் வீட்டுக்கான கருவி.