கடைசி பெர்த் யாருக்கு?

சாணக்யபுரி என்றால் தலைநகர்த் தமிழர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவை வெளிநாட்டுத் தூதரகங்களும் தமிழ்நாடு இல்லமும்தான். பிள்ளை குட்டிக்காரர்கள் ரயில் மியூசியத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். 1977 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அந்த மியூசியத்துக்கு விடுமுறை நாளில் வருவோர், பழைய நீராவி எஞ்சின்களைப் பார்த்து, சின்ன ரயிலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அருகிலேயே இருக்கும் ஓர் அலுவலகத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

'கிரிஸ்' எனப்படும் ரயில்வே தகவல் முறைகள் மையம் அது. ரயில்வே அமைச்சகம் 1986இல் ஏற்படுத்தியது. பொங்கலுக்கு ஊர் போக ஆர்.கே.புரத்துக்காரர் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாலும் சரி, திரிலோக்புரித் தொழிலாளி மகனின் செல்போனில் எடுத்தாலும் சரி, இந்த மையத்தார் பராமரிக்கும் புரோகிராம் வழியாகத்தான் அது வந்தாக வேண்டும். கம்ப்யூட்டருக்கு வரி வரியாக எழுதிக் கொடுக்கப்படும் கட்டளைத் தொகுப்புக்கே புரோகிராம் என்று பெயர். இன்னாருக்கு பெர்த், இன்னாருக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்று தீர்ப்புச் சொல்வது அதுதான். திட்டு வாங்குவது மட்டும் கவுண்டர் குமாஸ்தா!

அந்தப் புரோகிராம் சரியாக வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்து கொள்வது? இதற்கு விடை தேடுவதே கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் ஒரு தனி ஆராய்ச்சித் துறையாக வளர்ந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய சி.வி. ராமமூர்த்தி இதன் முன்னோடிகளில் ஒருவர். ஒரு புரோகிராமைச் சோதிக்கத் தேவையான மாதிரிக் கணக்குகளைக் கம்ப்யூட்டரே தயாரித்துக் கொடுக்கும் வழியைப் பற்றி அவரும் இரு சகாக்களும் 1976இலேயே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

லெட்ஜரும் பூட்டும்

டில்லியில் 1985இல் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் தொடங்கியது. அதற்கு முன்பு எல்லாம் லெட்ஜர்தான். அதில் பிழை வரவே இல்லை என்று பழைய குமாஸ்தாக்கள்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு வசதி இருந்தது. லெட்ஜர் ஒருவர் கையில் இருக்கும்போது அடுத்தவர் அதில் எழுத முடியாது. கால்கடுக்கக் காத்திருக்க வைத்த அந்தத் தாமதமே ஒரு பூட்டாகவும் இருந்தது.

1999இல் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய ஐந்து மையங்களும் இணைக்கப்பட்ட பிறகு, எந்த ஊரிலிருந்தும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் எடுக்கலாம் என்றாயிற்று. அதாவது, லெட்ஜரின் ஒரே பக்கத்தை ஆயிரக்கணக்கான பேர் ஒரே நொடியில் புரட்டுகிறார்கள்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு பெர்த் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டில்லிக் கவுண்டருக்காகப் புரோகிராம் பார்க்கிறது: ஒன்று இருக்கிறது. அந்த இமைப்பொழுதில் சென்னைக் கவுண்டருக்காகவும் பார்க்கிறது: ஒன்று இருக்கிறது. இருவருக்கும் டிக்கெட் அச்சாகிவிட்டால் அந்த பெர்த் யாருக்கு? இதைத் தடுக்க, பார்ப்பதற்கு முன்பே பக்கத்தைப் பூட்டிவிட வேண்டும். அந்தப் பூட்டுக்கு வழி சொல்லி ஹாலந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965இல் எழுதினார். ஆனால் லட்சக்கணக்கான வரிகளில் எங்கோ ஓர் இடத்தில் பூட்ட மறந்துவிட்டால்?

சாதாரணச் சோதனையில் அது அகப்படாது. இரண்டு வேலைகள், ஒவ்வொன்றிலும் 10 படிகள் என்றால், அவை ஒன்றோடொன்று கலந்து நடக்கக்கூடிய வரிசைகள் மட்டும் 1,84,756. அவற்றில் ஏதோ சிலவற்றில்தான் தவறு தலைகாட்டும். ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்து "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆயிரத்தோராவது தடவை பொங்கல் கூட்டத்தில் வரும். மதன் முசுவதி, ஷாஸ் கதீர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2007இல் இதற்கு ஓர் உபாயம் கூறினார்கள். இத்தகைய பிழைகளில் பல, இரண்டொரு குறுக்கீட்டிலேயே வெளிப்பட்டு விடும். ஆகவே குறைந்த குறுக்கீடுள்ள வரிசைகளை முதலில் ஒன்றுவிடாமல் ஓட்டிப் பாருங்கள் என்பதே அது.

டிக்கெட் தவறினால் பயணம்தான் கெடும். உயிரே போனதும் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் தெராக்-25 என்ற இயந்திரம், 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிரைச் செலுத்திவிட்டது. சிலர் இறந்தனர். டெக்ஸாஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேட்டர் ஓர் எழுத்தைத் தவறாக அடித்து, சில நொடிகளுக்குள் திருத்தியிருக்கிறார். திரையில் திருத்தம் தெரிந்தது, இயந்திரம் மாறவில்லை. மெதுவாக அடித்தவரை பிழை வெளிவரவில்லை. கை பழகி வேகமாக அடித்தபோதுதான் வந்தது! அந்த ஆஸ்பத்திரியின் பௌதிக நிபுணரும் ஆபரேட்டரும் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

115 நாள் பரிட்சை

எல்லாவற்றையும் சோதித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பி.என்.ஆர். நம்பருக்கு 10 இலக்கம். ஆக 1000 கோடி நம்பர்கள் சாத்தியம். நொடிக்கு 1000 வீதம் சோதித்தாலும், இராப்பகல் ஓயாமல் 115 நாட்களுக்கு மேல் ஆகும். இது ஒரே ஒரு கட்டத்துக்கு. பெயர், வயது, தேதி, வகுப்பு, கோட்டா எல்லாம் சேர்ந்தால் ஆயுள் போதாது.

எனவே பொறுக்கி எடுக்க வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12க்குள் பெர்த் இல்லாமல் அரை டிக்கெட். பிழைகள் பதுங்குவது இந்த எல்லைகளில்தான். 7 வயதைச் சோதிப்பதைவிட 4, 5, 11, 12 ஆகியவற்றைச் சோதிப்பது மேல்.

பொறுக்கியது போதுமா என்று அறியவும் ஒரு தந்திரம் உண்டு. விஜிலன்ஸ்காரர்கள் போலிப் பயணியை அனுப்பிக் கவுண்டரைச் சோதிப்பார்கள் அல்லவா? அதுபோல, வேண்டுமென்றே புரோகிராமில் சிறு சிறு தவறுகளைப் புகுத்தி, பரிட்சை அவற்றைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது. டிமில்லோ, லிப்டன், சேவர்ட் என்ற மூவர் 1978இல் இதை விளக்கினார்கள்.

ஓட்டாமலே படிப்பது

இன்னொரு வழி, புரோகிராமை ஓட்டாமல் படித்தே ஆராய்வது. பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த். புதிய எல்.எச்.பி. பெட்டியில் 80. ஏதோ ஒரு புரோகிராமில் "72" என்று நேரடியாக எழுதி வைத்திருந்தால், அந்த எண் எந்தெந்த வரியைத் தொடுகிறது என்று தேடித் திருத்த வேண்டும். மனிதக் கண்ணுக்கு இது பெரும்பாடு. ஓர் இடம் தவறினாலும் எட்டுப் பேரின் கணக்கு உதைக்கும். இத்தகைய தேடலைத் தானாகவே செய்யும் கருவிகளை உருவாக்குவதே புரோகிராம் ஆய்வு. மும்பை ஐ.ஐ.டி., பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், புனேயில் டாட்டா ஆராய்ச்சி மையம் ஆகியவற்றில் இந்த வேலை நடக்கிறது.

கிண்டி பொறியியல் கல்லூரி மாணவரான ஸ்ரீராம் ராஜாமணி, தாமஸ் பாலுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஸ்லாம்' முறை, விண்டோஸ் கம்ப்யூட்டரில் பிரிண்டர் முதலிய சாதனங்களை இயக்கும் புரோகிராம்களைச் சரிபார்க்கப் பயன்பட்டது. பூட்டியதைத் திறந்தாயா, திறந்ததை மறுபடி பூட்டினாயா போன்ற விதிகளை அது பரிசோதிக்கும். இருவருக்கும் 2011இல் சர்வதேச விருது கிடைத்தது.

இதிலும் முழு உத்தரவாதம் கிடையாது. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும், அது வேலையை முடித்து நிற்குமா என்று பிழையின்றிச் சொல்லும் பொதுவான வழி இருக்கவே முடியாது என்று ஆங்கிலேயர் டூரிங் 1936இலேயே நிரூபித்துவிட்டார். ஆகவே கருவி சில பிழைகளைத் தவறவிடும். அல்லது காரணமின்றி அபாயச் சங்கிலியை இழுக்கும் பயணியைப் போல, இல்லாத பிழைக்குக் கூச்சல் போடும். கூச்சல் அதிகமானால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பல நல்ல கருவிகள் மூலையில் கிடப்பது இதனால்தான்.

விதிகளோ மாறிக்கொண்டே இருக்கின்றன. 2020 மார்ச்சில் முதியோர் சலுகை நிறுத்தப்பட்டது. 2024 நவம்பரில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாயிற்று. 2025 ஜூலையில் தத்காலுக்கு ஆதார் வந்தது. ஒன்றை மாற்றும்போது பழையது ஏதும் கெடவில்லையா என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பார்த்தாக வேண்டும். மந்திரி ஒரு வரியில் அறிவித்து விடுகிறார். சோதிப்பவர்களுக்கு அது ஒரு வரி அல்ல.

நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் வழங்கும் முறையை ஒன்றரை லட்சம் வழங்கும் முறையாக மாற்றி அமைக்கும் பணி சாணக்யபுரி மையத்திடம் இருப்பதாக 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. வேகம் கூடினால் குறுக்கீடுகளும் கூடும். காலை 8 மணிக்கு ஜன்னல் திறக்கும் முதல் நிமிடத்தில் எத்தனை பேர் அதே பக்கத்தைப் புரட்டுவார்கள் என்பது ஊருக்குப் போகிற யாருக்கும் தெரியும். அந்த நிமிடத்தைச் சோதனைக் கூடத்திலேயே செயற்கையாக உண்டாக்கிப் பார்த்தாக வேண்டும். லட்சம் போலிப் பயணிகளை ஒரே ரயில் மீது ஏவிவிட்டு, கடைசி பெர்த் எத்தனை பேருக்குப் போயிற்று என்று எண்ணுவார்கள். ஒன்றுக்கு மேல் வந்தால், எந்த வரியில் பூட்டு விட்டுப்போயிற்று என்று மறுபடி தேட வேண்டியதுதான்.