நெய் ரோஸ்ட்டும் நாலு கிராம் அமிலமும்

பித்தப்பையை எடுத்தாகிவிட்டது, இனி பாண்டி பஜாரில் நெய் ரோஸ்ட் சாப்பிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார் தியாகராய நகர் வாசகி ஒருவர். நெய் வாசனையே ஆகாது என்று வீட்டில் மிரட்டுகிறார்களாம்.

பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சுண்டவைத்துச் சேர்த்துவைக்கும் இடம், அவ்வளவுதான். 30 முதல் 50 மில்லி கொள்ளும். பை போனபின் பித்தம் சொட்டுச் சொட்டாக நேரே குடலில் இறங்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும். பெரும்பாலோர் மெல்ல மெல்லப் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

பித்தத்தில் இருக்கும் பித்த அமிலங்கள் நெய்யைப் பொடித் துளிகளாக உடைத்துக் கொடுத்தால்தான் கணையத்தின் லைப்பேஸ் நொதிக்கு வேலை ஓடும். செரித்த கொழுப்பையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் குடல் சுவர்வரை சுமந்து சேர்ப்பதும் அவைதான்.

இத்தனைக்கும் உடம்பில் இருக்கும் பித்த அமிலம் மொத்தமே 2 முதல் 4 கிராம்! முகூர்த்த நாளில் வாடகைப் பாத்திரக் கடையைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். காலையில் ஒரு மண்டபத்தில் சாம்பார் கொதித்த அண்டா, கழுவித் துடைத்து மாலையில் இன்னொரு மண்டபத்து வரவேற்புக்குப் போய்விடும். பித்த அமிலமும் அப்படித்தான்: சிறுகுடலின் கடைக்கோடி சுமார் 95 விழுக்காடு அமிலத்தை உறிஞ்சி, ரத்தம் வழியே கல்லீரலுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஒரு நாளில் ஆறு முதல் பத்துச் சுற்று. தொலைவது அரை கிராம் அளவுக்குத்தான். அதைக் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து புதிதாகச் செய்து ஈடுகட்டுகிறது. உடம்பு கொலஸ்ட்ராலைக் கழிக்கும் முக்கிய வழியே இதுதான்.

நம் நாட்டில் குடல் காசநோய் அதிகம் தாக்குவதும் அந்தக் கடைக்கோடியைத்தான். அதை வெட்டி எடுக்க நேர்ந்தால் அமிலம் திரும்பாமல் பெருங்குடலில் கொட்டும், பேதி நிற்காது. நீளமாக வெட்டியிருந்தால் கொழுப்பும் செரிக்காமல் வெளியேறும்.

பித்தத்தில் கொலஸ்ட்ராலைக் கரைத்து வைத்திருப்பதிலும் இந்த அமிலங்களுக்குப் பெரும் பங்குண்டு. கொலஸ்ட்ரால் மிஞ்சினால் கல். ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்த எஸ். எல். மல்ஹோத்ரா, பித்தக்கல் தெற்கைவிட வட இந்தியர்களிடம் ஏழு மடங்கு அதிகம் என்று 1968-இல் எழுதினார். நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. பித்தத்தின் நிறமியால் உண்டாகும் கற்கள் தெற்கில் கணிசம். போதாக்குறைக்கு, ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைக்கிறோம் என்ற விளம்பரத்தை நம்பிப் பட்டினி கிடக்கிறோம். வேகமாக இளைக்கும்போது பித்தத்தில் கொலஸ்ட்ரால் கூடுகிறது. எண்ணெயே படாத சாப்பாட்டில் பித்தப்பை சரியாகச் சுருங்குவதில்லை. பித்தம் உள்ளேயே தேங்கிக் கல்லாகிறது. எடை குறைப்புப் பத்தியத்திலும் கொஞ்சம் கொழுப்பு இருக்கட்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான்.