ஓட்டத் தேர்வுக்கு முன் ஓர் இசிஜி

காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் தஞ்சை அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் விடியும் முன்பே கூட்டம் கூடிவிடும். ஒரத்தநாடு, பாபநாசம் பக்கத்துப் பிள்ளைகள் வாய்க்கால் கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் ஓடிப் பழகுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். முழு மருத்துவப் பரிசோதனையோ இதையெல்லாம் தாண்டித் தேறியவர்களுக்குத்தான். முதலில் ஓடு, இதயம் எப்படி இருக்கிறது என்று பிறகு பார்க்கலாம் என்கிற இந்த வரிசையே தவறு.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்து, சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. முழு வேகத்தில் ஓடும் இருபது வயதுக்காரருக்குத் துடிப்பு 190-ஐத் தொடும். இறைக்கும் ரத்தம் 20 லிட்டரைத் தாண்டும். நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுத்த நுரையீரல் நூறு லிட்டர் வரை இழுக்கும். முறைப்பாசனத்தில் ஒரு வாய்க்காலை அடைத்து இன்னொன்றுக்குத் தண்ணீர் திருப்புவதுபோல, வயிற்றுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து உடம்பு அதைக் கால் தசைக்கு அனுப்புகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடக் கூடாது என்பது இதனால்தான். மாதக்கணக்கில் பழகிய இதயம் ஒரே துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும். இரண்டு வாரத்தில் அந்தப் பலம் வராது. தேர்வுத் தேதி தெரிந்த பிறகு பயிற்சியைத் தொடங்குவது ஆபத்து.

எல்லைக்கோட்டில் நின்று பாருங்கள். கோட்டைத் தாண்டியதும் பலர் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஓடும்போது கால் தசைகள்தான் சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே அனுப்புகின்றன. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலைசுற்றி விழ நேரும். எவ்வளவு மூச்சு வாங்கினாலும் ஐந்து நிமிடமாவது மெல்ல நடக்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கு ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடச் சொன்னார்கள். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் தேர்வை மூன்று நாள் நிறுத்திவைத்து, காலை 9 மணிக்கு மேல் ஓடவிடக் கூடாது என்றார் அந்த மாநில முதலமைச்சர். நம்மூர் ஓட்டம் அவ்வளவு நீளம் இல்லை. ஆனாலும் பரம்பரைக் கோளாறால் இதயத் தசை தடித்திருப்பவருக்கு 1,500 மீட்டரும் ஆபத்துதான். ஓடும்போது மயக்கம், நெஞ்சில் இறுக்கம், படபடப்பு வந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனையில் இசிஜி எடுத்து, மருத்துவர் சொன்னால் எக்கோவும் பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும். காய்ச்சலோடு ஓடவே கூடாது. ஓடி முடித்ததும் இளைப்பு வருகிறவர் ஆஸ்துமாவுக்குப் பார்க்க வேண்டும். வைக்கோல் தூசியில் வேலை செய்பவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இளைஞர்கள் மட்டும் இல்லை, நாற்பதைத் தாண்டியவர்களும் இதயத்தைக் கவனிக்க வேண்டும். அவர்களில் சிலருக்கு மருத்துவர்கள் டிரெட்மில் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். எதற்காக இந்தப் பரிசோதனை, என்ன ஆபத்து என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுவது உங்கள் உரிமை. பாதியில் நெஞ்சு வலித்தால் நிறுத்தச் சொல்வதும் உரிமை. மருத்துவர் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஏறாதீர்கள். முடிவு நன்றாக வந்தாலும் அது ஆயுள் உத்தரவாதம் இல்லை. சின்ன அடைப்புகள் இதில் தப்பிவிடும்.

ஒருவர் விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், சரியாக மூச்சும் விடாமல் இருந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். நினைவோடு இருந்து நெஞ்சுவலி என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதல் வேளை மருந்துகளை அங்கேயே கொடுக்கிறார்கள்.

அவசரச் சிகிச்சையை எந்த மருத்துவரும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் பல அரசு மருத்துவமனைகள் இடமில்லை என்று திருப்பி அனுப்பிய ஒரு விவசாயத் தொழிலாளிக்கு 1996-இல் 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தேர்வு மைதானத்தில் ஆம்புலன்ஸும் மருத்துவரும் இல்லாமல் உயிர் போயிருந்தால், ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

தேர்வு நடத்தும் வாரியத்திடம் கேட்க வேண்டியது பெரிய செலவு இல்லை: ஓடும் முன் ஓர் இசிஜி, மைதானத்தில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி ஒன்று. உங்கள் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினரிடம் இதை மனுவாக எழுதிக் கொடுங்கள்.