பணம் கட்டாத ஏலதாரரும் நமது கட்டணப் பணமும்

விலை பேசி, சாமானைக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வராத அனுபவம் இல்லாத கடைக்காரர் யார்? ஈபே ஏலத்திலும் இது நடக்கிறது. கவனிக்காமல் விட்டால் அங்கே விற்பனைக் கட்டணமும் நமது தலையில் விழும்.

வாங்குபவருக்குப் பணம் செலுத்த 4 நாட்கள் உண்டு. அதற்குள் மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பணம் வரும் வரை பொதியை அனுப்ப வேண்டாம். 5ஆம் நாளிலிருந்து ஓடரை ரத்துச் செய்யலாம். விற்பனை நடந்து 30 நாட்களுக்குள் இதனை முடித்துவிட வேண்டும்.

முக்கியமானது காரணம். 'வாங்குபவர் பணம் செலுத்தவில்லை' என்பதையே தெரிவு செய்யுங்கள். அவசரத்தில் 'கையிருப்பில் இல்லை' என்று குறித்தால் குறைபாடு நமது கணக்கில் பதியப்படும். சரியாகச் செய்தால் இறுதி விற்பனைக் கட்டணம் நமக்கு மீள வரவு வைக்கப்படும். பணம் கட்டாத பதிவு அவரது கணக்கில் விழும். இத்தகைய பதிவுகள் உள்ளவர்கள் நமது பொருட்களுக்கு ஏலம் கேட்காதவாறு தடுக்கவும் வசதியுண்டு. நிலையான விலைக்கு விற்பவர்கள் உடனடிக் கொடுப்பனவைக் கட்டாயமாக்கலாம்.

கடனுக்குத் தவணை குறிப்பது போல, ஒவ்வொரு விற்பனைக்கும் 5ஆம் நாளையும் 30ஆம் நாளையும் கொப்பியில் குறித்து வையுங்கள். வராத வாடிக்கையாளரால் வரும் நட்டத்தைவிட, நமது கவனயீனத்தால் வரும் நட்டமே அதிகம்.