குழந்தைக்கு மூச்சு வாங்குதா? முதல்ல சட்டையைக் கழற்றிப் பாருங்க!

ராத்திரி 11 மணி. ரெண்டு நாளா சளி பிடிச்ச 8 மாசக் குழந்தை. "நெஞ்சு கர்கர்னு இருக்கு, காலையில பாத்துக்கலாம்" என்கிறார் பாட்டி. "இல்லத்த, இப்பவே போகலாம்" என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி? பதில் குழந்தையின் நெஞ்சிலேயே இருக்கிறது. சட்டையைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60 வரைகூட நார்மல்தான். பெரியவர்களுக்கு விலா எலும்புகள் சரிந்து இருக்கும். கைக்குழந்தைக்கு அவை கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருப்பதால் நெஞ்சு அதிகம் விரியாது. உதரவிதானம்தான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. அதனால்தான் குழந்தை தூங்கும்போது வயிறு ஏறி இறங்குகிறது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது குழாயின் அளவைப் பார்த்துத்தான். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் 4 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சம் 2 மில்லிமீட்டர். அகலம் பாதியானால் காற்றுக்கான தடை சுமார் 16 மடங்கு ஏறிவிடும்! அதே வீக்கம் பெரியவருக்கு வந்தால் தடை ரெண்டு மடங்குகூட ஆகாது. நமக்கு வெறும் தொண்டைக்கட்டு. குழந்தைக்கு அது மூச்சுத்திணறல்.

சரி, எப்படி எண்ணுவது? குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது, கடிகாரம் வைத்து முழுசா 60 விநாடி எண்ணுங்க. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சரிப்படாது. குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயது முதல் 5 வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு. காய்ச்சலாலும் வேகம் கூடும் என்பதால், காய்ச்சல் இறங்கியதும் மறுபடி எண்ணிப் பார்க்கலாம். ஆனால் கூடவே கஷ்ட அறிகுறிகள் இருந்தால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

என்ன அறிகுறிகள்? மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே அல்லது கழுத்துக் குழியில் பள்ளம் விழுகிறதா? மூக்குத் துவாரம் விடைக்கிறதா? மூச்சுக்கு மூச்சு தலை ஆடுகிறதா? ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் 'ம்ம்' என்று முனகினால், நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கிவிடாமல் இருக்கக் குழந்தை போராடுகிறது என்று அர்த்தம். ரெண்டு வாய் பால் குடித்துவிட்டு விட்டுவிடுவதும் முக்கியமான அடையாளம். மூச்சு வாங்கும் குழந்தையால் குடிக்க முடியாது.

இதில் பெரும்பாலானோர் ஏமாறுவது ஓர் இடத்தில்தான். வேகமாக மூச்சு வாங்கிய குழந்தை திடீரென மெதுவாகி, துவண்டு அமைதியானால், "அப்பாடா, தூங்கிட்டான்" என்று நினைத்துவிடுகிறோம். தசைகள் களைத்துப்போய் மூச்சு நிற்கப் போவதற்கு முந்தைய கட்டமாக அது இருக்கலாம். எழுப்பிப் பாருங்க. எழவில்லை என்றால், நாக்கோ உதட்டின் உட்புறமோ நீலமாக இருந்தால், 20 விநாடி மூச்சு நின்றால், உடனே 108.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டரை நம்பி உட்கார வேண்டாம். பெரியவர் விரலுக்கான கருவி கைக்குழந்தைக்குச் சரியாகக் காட்டாது. ரெண்டு வயதுக்குள் நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்ப்பதும் கூடாது.

கிளம்பும்போது வற்புறுத்திப் படுக்க வைக்காமல், வசதியான நிலையில் அம்மா மடியிலேயே நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீர், மருந்து என எதையும் திணிக்காதீர்கள். எண்ணிய கணக்கையும் நேரத்தையும் செல்போனில் குறித்து, டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்லுங்கள்: "11 மணிக்கு நிமிஷத்துக்கு 64, விலாவுக்குக் கீழே பள்ளம் விழுது."