ஒட்சிசன் குறைந்தால் குருதிக்கலன் செய்வது யாது?

ஓடிக் களைத்தவனின் கெண்டைக்கால் தசையில் ஒட்சிசன் குறையும்போது, அங்குள்ள சிறு நாடிகள் விரிகின்றன. சக்தியைத் தாங்கிநிற்கும் அடினோசின் முப்பொசுபேற்று சிதைந்து அடினோசின் வெளிப்பட்டு, நாடிச்சுவரைத் தளர்த்துவது இதற்கு ஒரு காரணமாகும்.

சுவாசப்பையிலோ நிலைமை நேர்மாறு. ஒட்சிசன் குறைந்த பகுதியின் நாடிகள் சுருங்கி, நல்ல காற்றுள்ள பகுதிக்குக் குருதியைத் திருப்புகின்றன. விளையாத பாத்திக்கு மடையை அடைக்கும் உழவனின் செயலை இஃது ஒக்கும். சுவீடன் நாட்டு அறிஞர்களான வொன் ஒயிலரும் லில்யெஸ்திராந்தும் 1946 இல் பூனைகளில் இதனைக் கண்டு காட்டினர்.

ஒட்சிசனைக் கொண்டு சக்தி ஆக்கும் இழைமணிகளே, அந்நாடித் தசையில் அதன் குறைவை உணர்பவையும் என்பது பெரும்பாலார் கருத்து. அவை விடுக்கும் சைகை எத்தகையது என்பதில் மட்டும் ஆய்வாளர் இன்னும் ஒருமித்தாரில்லை. எதுவாயினும், பொற்றாசிய வாயில்கள் அடைபட, கல்சியம் உட்புகுந்து தசை இறுகுகிறது.

உயர்ந்த மலைகளில் இந்த நன்மையே இடராகின்றது. அங்கே சுவாசப்பை முழுவதிலும் ஒட்சிசன் குறைவு. எல்லா மடைகளும் ஒருங்கே அடைபட்டால் வாய்க்கால் உடையாதா? நாடிகளில் அமுக்கம் மிகுந்து, விரைந்து ஏறியோர் சிலரின் சுவாசப்பையில் நீர் கசிகின்றது. காலந்தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து. ஒட்சிசன் கொடுத்து, உடனே அவரைத் தாழ்ந்த இடத்துக்கு இறக்குதல் வேண்டும்.